குடையக்கா ஏற்றிய ஏழு விளக்குகள்

எங்கள் பேருந்து நிலையத்தில் குடையக்காவின் சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சம்பளப் பட்டியல் போடுகிறவர், இன்னொருவர் அவருடைய கணவர். அந்தக் கணவரும் வீட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று கேள்வி.

தொலைந்த பொருள் கவுன்ட்டரில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு நாற்பது குடை வரும். எல்லாம் கறுப்பு, எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு கம்பி வளைந்திருக்கும். உரியவர் வந்து நின்றால் முகத்தை ஒரு தடவை பார்ப்பார், உள்ளே போய்ச் சரியான குடையோடு வருவார். அப்படி வந்த பெயர். அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. வந்த பொருளுக்கெல்லாம் சீட்டு எழுதி நூலால் கட்டுவது என் வேலை. புகழ் அவருக்கு, விரலில் நூல் அறுப்பது எனக்கு.

முகத்தைப் பார்த்தவுடன் குடையை எடுத்து வந்தாலும், மூன்று கேள்வி கேட்காமல் கையில் கொடுக்க மாட்டார். உரியவருக்கு மட்டுமே தெரிந்த மூன்று விஷயம். அதில் யாருக்கும் சலுகை கிடையாது. பல்செட்டைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்த பெரியவர் ஒருவர், பொக்கை வாயோடு பரிதாபமாக நின்றுகொண்டிருந்தார். அவரிடம் போய், "மேல் வரிசையில எத்தனை பல்லுங்க?" என்று கேட்டார் இந்த அம்மா. நான் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்கு அடியில் குனிந்துவிட்டேன். பெரியவர் கோபமாகக் கணக்குச் சொன்னார், அதுவும் சரியாகத்தான் இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு பொருளையும் ஆள் மாற்றிக் கொடுத்ததில்லை என்பதில் குடையக்காவுக்கு அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைக்க வந்தது ஒரு நீல நிற வீடியோ கேம். கையில் பிடித்து விளையாடுகிற சாதனம், இரண்டு பக்கமும் பட்டன். கடைசி வண்டியைப் பெருக்கிய துப்புரவுக்காரர் பின் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தார். பின்பக்க மூடி உடைந்து, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரால் ஒட்டப்பட்டிருந்தது. பெயர் இல்லை, முகவரி இல்லை.

இந்த மாதிரிப் பொருளுக்கு எங்களிடம் ஒரு விதி உண்டு. தொண்ணூறு நாள் வைத்திருப்போம். யாரும் வரவில்லையென்றால் டெக்னீஷியன் வந்து உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு ஏலத்துக்கு அனுப்பிவிடுவார். பொருளை ஆபீஸை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதும் விதி.

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாம நான் எப்படிக் கேள்வி கேக்கறது?" என்றார் குடையக்கா. என் சார்ஜரைச் செருகினோம். திரையில் இருட்டுக் கடல், அதில் ஒரு பாய்மரப் படகு, படகில் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு குட்டி உருவம். படகின் பக்கவாட்டில் 'அரைத்தூக்கம்' என்று எழுதியிருந்தது. படகுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் பார் என்று சிரித்தோம். மூலையில் ஒரு கணக்கு: விளையாடிய நேரம் இருநூற்றுப் பன்னிரண்டு மணி, ஏற்றிய விளக்கு நாலு.

கதை இதுதான். பன்னிரண்டு தீவு, ஒவ்வொன்றிலும் அணைந்துபோன ஒரு கலங்கரை விளக்கம். படகில் போய், புதிர் அவிழ்த்து, ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். குடையக்கா சீட்டில் மூன்று விஷயத்தைக் குறித்துக்கொண்டார்: கோட்டு மஞ்சள், பின்னால் பிளாஸ்டர், விளக்கு நாலு. வேலை அதோடு முடிந்தது. அணைத்து வைத்திருக்க வேண்டும்.

"இந்த இடது பட்டனை அமுக்குனா என்ன ஆகும்?" என்றார்.

அமுக்கினார். மஞ்சள் கோட்டு கடலில் விழுந்தது. "ஐயோ, விழுந்துடுச்சு தம்பி! நனைஞ்சுடும்!" என்று பதறினார். அது நீந்தி மறுபடி படகில் ஏறியதும் அவர் விட்ட பெருமூச்சு டிக்கெட் கவுன்ட்டர் வரைக்கும் கேட்டிருக்கும். அன்றைக்குச் சாயங்காலம் வரை மழைக்கோட்டு பதினேழு தடவை விழுந்தது. நான் எண்ணினேன்.

பொருள் வெளியே போகக் கூடாது என்பதால் அவர் உள்ளே வரத் தொடங்கினார். ஒன்பது மணி ஆபீஸுக்கு ஒன்பது அடித்து ஐந்து நிமிடத்துக்கு வருகிறவர் ஏழரைக்கே பூட்டைத் திறந்தார். சாப்பாட்டு டப்பா திறக்காமலேயே வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று. ஒரு நாள் அவர் கணவரே எனக்குப் போன் செய்துவிட்டார். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர், ஊர் வம்பெல்லாம் முதலில் அவர் காதுக்குத்தான் வரும்.

"தம்பி, ஆபீஸ்ல எதாவது பிரச்சினையா? உங்கக்கா நேத்து தூக்கத்துல 'காத்து திரும்புது, பாயை இறக்கு'ன்னு உளர்றா."

"ஒண்ணுமில்ல மாமா, வேலை கொஞ்சம் அதிகம்" என்று சமாளித்தேன்.

ஐந்தாவது விளக்கில் அவர் சிக்கிக்கொண்டார். அங்கே ஒரு சுடரைப் படகில் வைத்து, காற்றுக்கு அணையாமல், நாற்பது நிமிடம் ஒரே மூச்சில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நடுவில் நிறுத்தினாலோ சாதனத்தை மூடினாலோ சுடர் அணைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. எந்த வழியாகப் போவதென்று தெரியாமல் அல்லாடினார். பார்க்கப் பொறுக்காமல், இந்த விளையாட்டை விளையாடியவர்கள் கருத்து எழுதுகிற இணையப் பக்கம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறந்து கொடுத்தேன். "இதுல துப்பு கிடைக்கும் அக்கா, படிச்சுப் பாருங்க."

துப்புக்காகத் தொடங்கியவர் மனிதர்களுக்காகப் படிக்க ஆரம்பித்துவிட்டார். நாலாயிரத்துச் சொச்சம் கருத்து அதில் இருந்தது. புதிதிலிருந்து பழசுக்கு, ஒன்று விடாமல், காலைப் பேப்பர் மாதிரி. படகுக்குப் பின்னாலேயே ஒரு வாத்து வருகிறது, அதற்காகவே ஐந்து நட்சத்திரம் என்று ஒருவர். அந்த வாத்து ஒழிகிற அன்றுதான் மறுபடி தொடுவேன் என்று ஒரு நட்சத்திரம் கொடுத்த இன்னொருவர். 'என் மனைவி இதை விளையாடத் தொடங்கியதிலிருந்து வீட்டில் சண்டையே இல்லை. நான் விளையாடியதில்லை. ஐந்து நட்சத்திரம்' என்று ஒரு புண்ணியவான். ஐந்தாவது விளக்கைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருந்தார்கள். 'இதை யோசித்தவரின் வீடு எங்கே என்று சொன்னால், நேரில் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவேன்.'

குடையக்கா ஒவ்வொருவரோடும் வாய்விட்டுச் சண்டை போட்டார். "வாத்து உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்டார். "நாப்பது நிமிஷத்துக்கு இந்தப் புலம்பலா? வெயில் நாள்ல நம்ம கவுன்ட்டருக்கு மூணு மணி நேரம் ஈ காக்கா எட்டிப் பாக்காது. வேணும்னா இங்க வந்து உக்காருங்கப்பா."

அவர் சொன்னது நியாயம்தான். மேற்கே சுற்றிப் போனால் காற்று குறைவு என்று யாரோ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, ஒரு வெயில் நாளில், முப்பத்தொன்பது நிமிடத்தில் சுடரைக் கரை சேர்த்தார். எழுந்து நின்று கை தட்டினார். வழியில் போன கண்டக்டர் தனக்குத்தான் கை தட்டுகிறார் என்று நினைத்துச் சலாம் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று ஏறிக்கொண்டே போனார். விளக்கு ஏற ஏற அந்த இருட்டுக் கடல் வெளுத்துக்கொண்டே வந்தது. "யாரோ பாவம், நாலோட நின்னு போயிருக்காங்க. வந்து பாத்தா எவ்வளவு சந்தோஷப்படுவாங்க!" என்பார். ஐம்பத்து நாலு வயதில் ஒருவருக்கு இப்படி வாயெல்லாம் பல்லாக ஒரு சந்தோஷம் வாய்க்கும் என்று நான் நினைத்ததில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

எண்பத்து நாலாம் நாள். பதினோரு விளக்கு முடிந்து, ஒன்று பாக்கி. டீயை வைத்துக்கொண்டு அன்றைய பங்குக் கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தவர், கப்பை அப்படியே கீழே வைத்தார்.

"தம்பி, இதைப் படி."

எழுதியவர் பெயர் 'அரைத்தூக்கம்'. அது படகின் பெயர் இல்லை, ஆளின் பெயர் என்று அப்போதுதான் எங்கள் இரண்டு மரமண்டைக்கும் உறைத்தது. தேடினால் முதல் நாளே கிடைத்திருக்கும்.

'நான் நாலாவது விளக்கோடு நிறுத்திவிட்டேன். இதற்கு மேல் ஏற்ற மாட்டேன். எல்லாவற்றையும் ஏற்றினால் விடிந்துவிடும், விடிந்தால் முடிந்துவிடும். முடிப்பதற்காக விளையாடுகிறவர்கள் விளையாடட்டும். எனக்கு இந்த இருட்டுக் கடலில் சும்மா படகு ஓட்டினால் போதும். இது எனக்கு மட்டுமான இடம். ஐந்து நட்சத்திரம்.'

அந்த விளையாட்டு ஒவ்வொரு அடியையும் தானாகச் சேமித்துக்கொள்ளும், பின்னால் போக வழியே கிடையாது. நம்பி வந்த பொருளை இருபத்திரண்டு வருடம் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட மனுஷி, யாரோ ஒருவர் ஆசை ஆசையாக இருட்டாக வைத்திருந்த கடலில் ஏழு விளக்கை ஏற்றி வைத்திருந்தார்.

சூப்பர்வைசர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார், எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டால் ஆகாது. "எதுக்கு இவ்வளவு கவலை? இன்னும் ஆறு நாள்ல அழிக்கத்தானே போறோம்? அதோட உங்க தப்பும் போயிடும். யாருக்கும் தெரியாது."

"என் தப்பு போகணும்னு அவங்க இருநூறு மணி நேரம் போகணுமா சார்?" என்றார் குடையக்கா. அவர் குரலை உயர்த்தவே இல்லை. சூப்பர்வைசரின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த ஒரு நிமிடத்துக்காக அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன்.

அந்தக் கருத்துக்குக் கீழே பதில் எழுத உட்கார்ந்தார். அந்தப் பக்கமோ, முதலில் உன் நட்சத்திரத்தைக் கொடு, பிறகு பேசு என்றது. அரை மணி நேரம் யோசித்தார். "நாலு. கடைசி விளக்கை ஏத்தலையே, முழுசாப் பாக்காம எப்படி அஞ்சு போடறது?" பிறகு ஒற்றை விரலால் தட்டினார்: 'உங்கள் பொருள் ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஆறு நாளுக்குள் வந்து வாங்கிக்கொள்ளவும். நான் அதில் ஒரு தவறு செய்துவிட்டேன். திட்டுவதாக இருந்தாலும் நேரில் வந்து திட்டவும்.' கீழே நிலையத்தின் விலாசமும் கவுன்ட்டர் எண்ணும்.

அதற்குப் பிறகு நீல சாதனத்தை அவர் தொடவில்லை. அலமாரியில் வைத்துப் பூட்டி, அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். எண்பத்தைந்து, எண்பத்தாறு. கவுன்ட்டரில் நிழல் விழுந்தால் நிமிர்வார். குடை கேட்டு வந்தவர்களாக இருக்கும். எண்பத்தொன்பதாம் நாள் சாப்பாட்டு டப்பா மறுபடி திறக்காமல் போயிற்று, இந்தத் தடவை வேறு காரணத்துக்கு. "வராமலே போயிட்டா நான் என்ன தம்பி செய்வேன்?" என்று கேட்டார்.

தொண்ணூறாம் நாள் மூன்று மணிக்கே டெக்னீஷியன் பையோடு வந்துவிட்டார். "அஞ்சு மணி வரைக்கும் நாள் இருக்கு" என்று அவரை ஸ்டூலில் உட்கார வைத்தார் குடையக்கா. மூன்றரைக்கு ஒரு பெண் ஓடி வந்தாள். நாற்பது வயது இருக்கும். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களின் சீருடை, கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"பதில் எழுதினது யாருங்க? நான் ஆம்புலன்ஸ்லயே தொலைச்சேன்னு நினைச்சு வண்டிய மூணு தடவை கவுத்துப் பாத்துட்டேன். பஸ்ல தூங்கிட்டே போவேன், அதுல விட்டிருப்பேன்னு தோணவே இல்ல."

குடையக்கா அப்போதும் கேள்வியை விடவில்லை.

"கோட்டு என்ன நிறம்?"

"மஞ்சள்."

"பின்னாடி என்ன இருக்கு?"

"பிளாஸ்டர். வண்டியிலேர்ந்து எடுத்து நான்தான் ஒட்டினேன்."

"எத்தனை விளக்கு?"

"நாலு."

"நாலுதாம்மா இருந்துச்சு" என்றார் குடையக்கா. "இப்ப பதினொண்ணு. நான்தான் ஏத்தினேன். கேள்விக்காகத்தான் திறந்தேன், அப்புறம் மூடத் தெரியல. நீங்க இருட்டாவே வெச்சிருக்கணும்னு ஆசைப்பட்டது எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்குங்க." சொல்லிவிட்டு, அடி வாங்கப்போகிற குழந்தை மாதிரி நின்றார்.

டிரைவரம்மா சாதனத்தை வாங்கித் திறந்தாள். பதினோரு விளக்கின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

"அஞ்சாவதை எப்படி ஏத்துனீங்க?" என்றாள் கடைசியில்.

"மேக்கால சுத்திப் போனா காத்து கம்மி..."

"வழி எனக்கும் தெரியும்க்கா. நாப்பது நிமிஷம் எப்படிக் கிடைச்சுது உங்களுக்கு?"

குடையக்கா புரியாமல் பார்த்தார்.

"நான் ஸ்டாண்டுல வண்டியில உக்காந்துதான் விளையாடுவேன். இருபது நிமிஷம் போகும், எமர்ஜென்சி கால் வந்துடும். ஒரு தடவை முப்பத்தஞ்சு நிமிஷம் வரைக்கும் போயிட்டேன், கரை தெரியுது, அப்ப ஒரு கால். மூடி வெச்சுட்டு ஓடினேன். வீட்டுக்குப் போனா பொண்ணு, மாமியார், துணி, பாத்திரம். ஏழு மாசம் முயற்சி பண்ணேன்க்கா. நாப்பது நிமிஷம் எனக்குன்னு கிடைக்கலன்னு எழுத வெக்கமா இருந்துச்சு. அதான் இருட்டுதான் எனக்குப் பிடிக்கும்னு பெருசா அளந்து விட்டுட்டேன்."

குடையக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஆறு நாளாக உடம்பில் இருந்த பாரம் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். கதவைத் திறந்து அவளை உள்ளே இழுத்தார், தன் நாற்காலியில் உட்கார வைத்தார்.

"பன்னெண்டாவது பாக்கி இருக்கு. அதுக்கும் சுடரைக் கொண்டு போகணும். ஒரு மணி நேரம் ஆகுமாம். ட்யூட்டி எப்ப?"

"இப்பதான் முடிஞ்சுது. ஆனா வீட்ல தேடுவாங்க..."

"போனைத் தம்பிகிட்ட குடுங்க. யார் கூப்பிட்டாலும் அவன் பேசிப்பான். நீங்க நிமிரக் கூடாது."

அந்த ஒரு மணி நேரத்தில் அவள் மாமியாரிடம் இரண்டு தடவை, மகளிடம் மூன்று தடவை பேசினேன். ஸ்கூல் சீருடை கடைசி அலமாரியில் இருக்கிறது, பால் அடுப்புக்குப் பக்கத்தில் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பை தொலைத்துவிட்டு வந்த ஒருவரைக் குடையக்கா உதட்டில் விரல் வைத்து நிறுத்தினார். அவர் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்து, பையை மறந்து, "இடது பக்கம் பாறை, இடது பக்கம் பாறை" என்று கிசுகிசுக்கத் தொடங்கினார். டெக்னீஷியன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, பாயை இறக்கக் கூடாது என்று அபிப்பிராயம் சொன்னார். அவருக்கு என்ன தெரியும் என்று ஒரு கண்டக்டர் சண்டைக்கு வந்தார். பத்துப் பேர் கூடிவிட்டார்கள், பத்துப் பேருக்கும் பத்துக் கருத்து. டிரைவரம்மா மட்டும் எதையும் காதில் வாங்காமல், நெரிசல் சாலையில் வண்டி ஓட்டுகிறவளின் கவனத்தோடு படகை நகர்த்திக்கொண்டிருந்தாள். வாத்து பின்னாலேயே போயிற்று.

சுடர் கரையைத் தொட்டது. பன்னிரண்டாவது விளக்கு எரிந்தது. கடல் மெல்ல வெளுத்து, ஓரத்தில் சிவந்து, விடிந்தது. பை ஆசாமிதான் முதலில் கூச்சல் போட்டார். கண்டக்டர் விசில் ஊத, வெளியே ஒரு பஸ் தனக்குத்தான் என்று நினைத்துக் கிளம்பிவிட்டது. குடையக்கா குதித்தார், நிஜமாகவே தரையிலிருந்து இரண்டு காலும் எழும்பக் குதித்தார்.

"எப்படிம்மா இருக்கு?" என்று டிரைவரம்மாவின் தோளை உலுக்கிக் கேட்டார்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"அம்பத்தேழு நிமிஷம்க்கா" என்றாள். "அம்பத்தேழு நிமிஷமா என்னை யாரும் கூப்பிடவே இல்ல."